உங்களுக்குத் தெரியுமா? பாடி பாலம் தாண்டினால்...

'பேப்பர் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டால் பழைய சென்னைக்காரர்கள் இன்னமும் மவுண்ட் ரோடு பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். தினமணியும் நியூ இந்தியன் எக்ஸ்பிரஸும் அந்தச் சாலையை விட்டுக் கிளம்பி வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டும் இருப்பது அம்பத்தூர் தொழிற்பேட்டையின் இரண்டாவது பிரதான சாலையில். லேத் பட்டறைகளுக்கும் ஆயத்த ஆடை கம்பெனிகளுக்கும் நடுவில் நாட்டு நடப்புக்குத் தலையங்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

1932-இல் பி. வரதராஜுலு நாயுடு சென்னையில் தொடங்கியது இந்தியன் எக்ஸ்பிரஸ். பின்னர் அது ராம்நாத் கோயங்காவின் கைக்கு வந்தது. 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதியார் நினைவு நாளில், டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தினமணி பிறந்தது. 1991-இல் கோயங்கா மறைந்த பிறகு குடும்பத்துக்குள் குழுமம் பிரிந்தது. தென்மாநிலப் பதிப்புகள் தங்கள் பெயருக்கு முன்னால் ஒரு 'நியூ' சேர்த்துக்கொண்டன. மவுண்ட் ரோடு அருகே எக்ஸ்பிரஸ் எஸ்டேட் இருந்த நிலத்தில் 2010 முதல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால். அங்கே சினிமா பார்க்கப் போகும் பிள்ளைகளிடம் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ ரயில் சம்பந்தப்பட்டது என்பார்கள்.

*

பேப்பர் போடும் பையன்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்த ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும்கூட அம்பத்தூர்ச் சரக்குதான். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டது, தினமணி அம்பத்தூருக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே.

*

கணினியைப் பார்த்துப் பத்திரிகை உலகம் மிரண்டுகொண்டிருந்த 1980-களின் கடைசியில், தமிழின் முக்கியமான நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் நாற்காலியில் கணினியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தி முடித்திருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். சிந்துவெளி எழுத்துகளுக்கு அவர் தயாரித்த தொடரடைவு 1977-இல் வெளியானது. எந்தக் குறி எந்தக் குறிக்குப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லும் வேலை அது. அதற்கு மும்பையில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியது. 1987 முதல் 1991 வரை தினமணியை நடத்தினார். இன்று 'டேட்டா ஜர்னலிசம்' என்று ஆளுக்கு ஆள் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறார்கள். பெரியவருக்கு முன்னால் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

*

பிரவுசிங் சென்டர் காலத்தில் நான்கு தமிழ்ப் பேப்பர்களை இணையத்தில் படிக்க நினைத்தால் நான்கு எழுத்துருக்களை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தமாக ஓர் எழுத்துரு. ஒன்றில் 'க' இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறு ஏதோ இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டும். ஒரு பேப்பரில் இருந்து நான்கு வரியை வெட்டி நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால், அவர் பதிலுக்கு 'வைரஸா?' என்று கேட்பார்.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அங்கே முடிவானது. கூடவே டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களும் வந்தன. உலகம் முழுக்க ஒரே குறியாக்கம் என்ற யூனிகோடு அப்போதே இருந்தது. தமிழுக்கு அதில் இடமும் இருந்தது. ஆனாலும் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல்தான், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. பேப்பர்கள் அதற்கு முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டன. இன்றைக்கு ஒரு செய்தியை நொடியில் வெட்டிக் குரூப்பில் ஒட்ட முடிகிறது என்றால் இந்தச் சண்டைகள் ஓய்ந்ததால்தான். வெட்டி ஒட்டுவது இவ்வளவு எளிதாகியிருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

*

தமிழர்கள் ஏன் குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் பழகினார்கள்? சோம்பல் என்றும் மோகம் என்றும் மேடைகளில் திட்டித் தீர்த்துவிட்டார்கள். காசும் ஒரு காரணம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். தமிழில் அடித்தால் 70-தான். அதிலும் கணினி எழுத்தை எண்ணும் முறை வேறு. நம் கண்ணுக்கு 'அம்பத்தூர்' ஆறு எழுத்து. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொக்கியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறுவதால் கணினிக்கு அது பத்து. 'பூந்தமல்லி'யும் ஆறுக்குப் பத்து. 'ஆவடி' மட்டும் சிக்கனம், மூன்றுக்கு நான்கு. 'அம்பத்தூர்ல இருந்து ஆவடி வழியா பூந்தமல்லி வந்துட்டேன்' என்று ஒரு வரி அடித்தாலே 50-ஐத் தாண்டிவிடும். 'சாப்பிட்டாயா' என்றும் கேட்டுவிட்டால், அடுத்த வரி தொடங்கியதுமே இரண்டாவது செய்திக்கான காசு போய்விடும். அன்றைய போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது என்பது இன்னொரு பக்கம். 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் வெளியான முத்து நெடுமாறனின் 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ் அடிக்க வழி செய்தது. அதற்குள் விரல்கள் வேறு பழக்கத்துக்குப் போய்விட்டிருந்தன.

*

வெட்டிப்பேச்சுக்கே செயலி செய்து அதற்கு 'அரட்டை' என்று பெயரும் வைத்தது சென்னை ஜோஹோ நிறுவனம். 2021-இல் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் ஒன்றிய அமைச்சர்கள் 'சுதேசி' என்று கொண்டாட, நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது நாளைக்கு 3,50,000 ஆகிவிட்டது என்று ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். சர்வர்களைப் பெருக்க ஆட்கள் ஓடினார்கள். அழைப்புகள் முழு மறையாக்கம் என்ற பூட்டுப் போட்டுப் போயின; எழுத்துச் செய்திகளுக்கு அந்த முழுப் பூட்டு அப்போது இல்லையே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்டார்கள். அந்த விவாதமே பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில்தான் நடந்தது.

*

சென்னை வானொலி நிலையம் என்றால் மெரினா சாலைக் கட்டடம் நினைவுக்கு வரும். பேசுவது அங்கே; அந்தப் பேச்சை வானத்தில் ஏற்றிவிடும் உயர்சக்தி ஒலிபரப்பிகள் ஆவடியில். சென்னை முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ். அந்த அலை ஒவ்வொன்றும் 400 மீட்டருக்கு மேல் நீளம். அதற்கேற்ற உயரமான கோபுரமும், சுற்றிலும் கட்டடம் இல்லாத வெற்று நிலமும் வேண்டும். அதனால்தான் ஒலிபரப்பிகளை ஊருக்கு வெளியே வைப்பார்கள். ஆவடி ஊருக்கு வெளியே இருந்த காலம் ஒன்று உண்டு, நம்புங்கள்.

சென்னையில் வானொலி தொடங்கியது அரசு அல்ல. சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி முதலானோர் 1924-இல் அமைத்த ரேடியோ கிளப்தான். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றுதான் வந்தது. ஆர்வக்கோளாறு உள்ள நாலு பேர் சேர்ந்து ஆரம்பிப்பது, பிறகு பெரிய கை வந்து எடுத்துக்கொள்வது. யூடியூப்புக்கும் அதே ஜாதகம்.

*

ஆவடி பற்றிய இன்னொன்று எல்லாக் குரூப்பிலும் சுற்றும். ராணுவ வண்டித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்ததுதான் 'ஆவடி' என்று. பொது அறிவு வினாடி வினாவில்கூடக் கேட்கிறார்கள். கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடிக்கு வந்தது 1961-இல். காங்கிரஸ் கட்சி 'சோஷலிச மாதிரியிலான சமுதாயம்' என்று தீர்மானம் போட்டதே, நேரு வந்து பேசிய அந்த மாநாடு? 1955 ஜனவரி. அதற்குப் பெயரே ஆவடி மாநாடு. பிள்ளை பிறக்கும் முன்னே பிள்ளையின் பெயரை அப்பனுக்கு வைத்த கதையாக இருக்கிறது. ஒவ்வொரு முறை யாராவது அனுப்பும்போதும் '1955' என்று ஒரே ஒரு எண்ணைப் பதிலாகப் போட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் அதே ஆள் அதையே திரும்ப அனுப்புவார்.

*

2011 செப்டம்பர் 27 முதல் இந்தியாவில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஆணையம் கட்டுப்பாடு வைத்தது. விளம்பரத் தொல்லையை ஒழிக்கத்தான். காதலர்கள் கொதித்தார்களோ என்னவோ, நவம்பரில் அது 200 ஆனது. 2012 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த உச்சவரம்பை ரத்து செய்தது. ஒரு மாதம்தான். ஆகஸ்டில் ஒரே செய்தியை ஐந்து பேருக்கு மேல் மொத்தமாக அனுப்ப 15 நாள் தடை. அசாம் கலவரத்தைத் தொடர்ந்து, வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தி எஸ்.எம்.எஸ்.ஸில் பரவி, பெங்களூரு, சென்னை, புனே ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சோடு கூட்டம் குவிந்ததால் வந்த தடை அது.

ஆறு ஆண்டு கழித்து அதே ஐந்து திரும்ப வந்தது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்ஆப் வதந்தி வட தமிழகம் முழுக்க ஓடியது. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த வயதான பெண்ணை அடித்தே கொன்றார்கள். ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில், பழவேற்காட்டில், மனநலம் குன்றிய ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். பிற மாநிலங்களிலும் இப்படியே நடந்த பிறகு, ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாது என்று வாட்ஸ்ஆப் முடிவெடுத்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுக்க அதே வரம்பு. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும். செய்தியின் மேல் தெரியும் இரட்டை அம்புக்குறி அதற்கான அடையாளம்தான். 'அனுப்பியவருக்கும் இது எங்கிருந்து வந்தது என்று தெரியாது' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

*

ஐபோன் செய்யும் பெண்களைப் பற்றிய வதந்தி போனிலேயே பரவி நெடுஞ்சாலை மறியலில் முடிந்தது 2021 டிசம்பரில். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பாடு விஷமாகி 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் செத்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாள் வரை சென்னை - பெங்களூரு சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார்.

கதை அதோடு முடிந்ததாகத்தான் பல பேர் எழுதினார்கள். அந்தப் பெண்கள் கேட்ட முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: எங்களோடு இருந்தவர்கள் எந்த ஆஸ்பத்திரியில், எப்படி இருக்கிறார்கள்? இதற்கு நேரத்தில் நேராகப் பதில் வரவில்லை. பக்கத்துப் பாயில் படுத்தவள் இரண்டு நாளாகத் திரும்பி வராவிட்டால் மனசு எங்கே போகும்? பதில் இல்லாத இடத்தில் பார்வர்ட் வந்து உட்கார்ந்தது. இந்த மறியல் இல்லாவிட்டால் ஹாஸ்டல்களின் லட்சணம் வெளியே வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தரத்துக்குக் குறைவு என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-இல்தான் மறுபடி வேலை தொடங்கியது.

*

2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் இந்தி மாநிலங்களில் தீயாகப் பரவின. வடமாநிலத் தொழிலாளர்களை நம்பி ஓடும் அம்பத்தூர் எஸ்டேட் மாதிரியான இடங்களுக்கு வயிற்றில் புளி. பரவியவற்றில் ஒன்று பீகார்க்காரர்களே தங்களுக்குள் திருப்பூரில் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் அடிதடி. காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு தானே வீடியோவில் தோன்றி விளக்க வேண்டியதாயிற்று. பொய்க்கும் வீடியோ, மறுப்புக்கும் வீடியோ. அதே ஆண்டில் மாநில அரசு உண்மை சரிபார்ப்புக் குழு ஒன்றையும் அமைத்தது. அரசு பற்றிய செய்தியை அரசே சரிபார்ப்பதா என்ற கேள்வி உடனே எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான்.

*

மழைக்காலத்தில் பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர் குரூப்களில் பேசும் மொழியே மாறிவிடும். 'செம்பரம்பாக்கம் எவ்வளவு?', 'எத்தனை கன அடி?' ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது 3.6 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். 24 அடி நிரம்பும் முன்பே திறப்பார்கள். 'நிரம்பி வழிகிறது' என்று அதற்கே ஒரு பார்வர்ட் வரும். வழிவதைத் தடுக்கத்தான் முன்கூட்டித் திறக்கிறார்கள்.

திறந்துவிடும் கணக்கில் ஒரு கன அடி என்றால் நொடிக்கு 28.3 லிட்டர். நாள் முழுக்க 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த இரண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி பீதி குறையும்; மீதிப் பாதி நியாயமானது என்று புரியும். 2015 வெள்ளத்தில், டிசம்பர் 1 இரவு திறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட 29,000 கன அடியைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒரு நொடிக்கு 68 வீதம் அடையாற்றில் கொட்டியதற்குச் சமம். அந்த வேகத்தில் ஓடினால், புதுத் தண்ணீர் வராத பட்சத்தில், நிறைந்த ஏரி ஒன்றரை நாளில் காலியாகிவிடும்.

அந்த இரவு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது கரையோரத்தில் இருந்த பலருக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்தது. அதே வாரத்தில் தெரியத் தேவையில்லாதவை எல்லாம் தெரிந்தன: சென்னையில் 250 சென்டிமீட்டர் மழை கொட்டும் என்று நாசா எச்சரித்ததாம்; முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பிவிட்டனவாம். இரண்டும் பொய். இன்னொரு பக்கம், யாரிடம் படகு, எங்கே சாப்பாடு, எந்த வீட்டு மாடியில் இடம் என்று முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து இணையத்தில் பட்டியல் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதே போன், அதே விரல்கள்.

1878-இல் தொடங்கிய தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு, வரலாற்றில் முதல்முறையாக அச்சாகாமல் போனது 2015 டிசம்பர் 2 அன்றுதான். மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. கோவைக்குப் பக்கங்களின் பிரதியை அனுப்பி அச்சடிக்க 1969-இலேயே வழி கண்ட பத்திரிகை, அதற்கும் முன்னால் சொந்த விமானத்தில் பேப்பர் கட்டுகளை ஏற்றி அனுப்பிய பத்திரிகை, ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்ற தண்ணீரைத் தாண்ட முடியவில்லை.

இன்று குடிநீர் வாரிய இணையதளத்தில் நாள்தோறும் ஏரி மட்டம் போடுகிறார்கள். பிரதீப் ஜான் போன்றவர்கள் மேகத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்கே சேதி சொல்கிறார்கள். பூந்தமல்லியில் வானிலை அறிஞர் இல்லாத தெருவைக் காட்டினால் பரிசு.

*

'கிளவுடில் இருக்கிறது' என்று சொல்கிறோமே, அந்த மேகத்தின் ஒரு துண்டு அம்பத்தூரில் தரையில் நிற்கிறது. என்.டி.டி., எஸ்.டி. டெலிமீடியா, கன்ட்ரோல்எஸ் போன்ற நிறுவனங்களின் தரவு மையங்கள் இந்தப் பகுதியில்தான் எழுந்திருக்கின்றன. வெளியில் இருந்து பார்த்தால் ஜன்னல் இல்லாத குளிர்பதனக் கிடங்கு மாதிரி இருக்கும். ஆட்கள் குறைவு, மின்சாரம் அதிகம், ஜெனரேட்டர்கள் வரிசையாக. வாடகைக்கு விடும் இடத்தைச் சதுர அடியில் சொல்வதை விட மெகாவாட்டில் சொல்லும் தொழில் இது. சிங்கப்பூர் வரை போகும் ஐ2ஐ கேபிள் 2002-இல் சென்னைக் கரையைத் தொட்டது. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கு 2,300 கிலோமீட்டர் கேபிள் போனது. கடலுக்கடியில் வந்து கரையேறும் போக்குவரத்துக்கு உள்ளே தங்க இடம் வேண்டும் அல்லவா? ஷிப்டுக்கு ஷிப்ட் ஆயிரம் பேரை உள்ளே அனுப்பிய எஸ்டேட்டுக்கு இந்த மாதிரி ஆளில்லாத ஆலை புதுசு. டீக்கடைக்காரர்களுக்கு இதனால் ஒரு பைசா லாபம் இல்லை.

*

ஆளில்லாத இன்னொன்று: பூந்தமல்லி பணிமனைக்கு 2024 அக்டோபரில் வந்து சேர்ந்த மெட்ரோ ரயில். மூன்று பெட்டி, ஓட்டுநர் அறை கிடையாது. ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் ஆல்ஸ்டாம் செய்தது. முன் வரிசை சீட்டுக்கு இனி அடிதடிதான்.

*

தமிழில் ஆண்டுக்கு நூறு நாள் ஓயாத அரட்டைக்குத் தீனி போடும் வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் பக்கத்தில், ஈ.வி.பி. பிலிம் சிட்டியில். 2017-இல் பிக் பாஸ் முதல் சீசன் வந்தபோது 'ஓவியா ஆர்மி' என்று நாடே படை திரட்டியது. அந்த வீட்டுக்குள் போன் கிடையாது, பேப்பர் கிடையாது, டிவியில் செய்தியும் கிடையாது. எல்லோரும் அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது அவர்களுக்கு மட்டும் தெரியாது. மலையாள பிக் பாஸும் அங்கே எடுத்திருக்கிறார்கள். 2021 மே மாதம், கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்பு நடத்தியதற்காக வருவாய்த் துறை அதிகாரிகள் போய் அந்த செட்டுக்கு சீல் வைத்தார்கள். உள்ளே இருந்த போட்டியாளர்களுக்கு அன்று நாட்டு நடப்பை நேரில் வந்தே சொல்லிவிட்டார்கள்.